நான் மட்டும் நின்ற கச்சேரி

"மீன் விக்கிற வீட்டுப் பொண்ணு, உனக்கு ராக் மியூசிக்லாம் என்னடி புரியும்?" என்று கல்லூரியில் ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு வராது.

சினிமாவுக்கு இசையமைக்காமல் சொந்தப் பாட்டு போடும் புதுச்சேரி ராக் பேண்ட் ஒன்றின் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் சேர்ந்து, இரண்டாவது ஆல்பத்தைவிட முதல் ஆல்பமே மேல் என்று நாள்கணக்கில் வாதாடினேன். மூன்று கச்சேரிகளை நேரில் பார்த்ததாகவும் எழுதினேன். பார்த்ததெல்லாம் வீடியோதான்.

போன மாதம்தான் முதன்முறையாக நேரில் போனேன். குழுவை நடத்தும் அகிலா அக்கா, "மூணு ஷோ பாத்த ஆளு, பின்னாடி என்ன பண்ற? வா" என்று முன்வரிசைக்கு இழுத்துப் போனார். நான்காவது பாட்டின் நடுவே டிரம்ஸ் நின்றது. அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். எல்லாக் கச்சேரியிலும் பாட்டின் அந்த இடத்தில் உட்காருவது ரசிகர்களின் வழக்கம். வீடியோவில் மேடை மட்டும்தானே தெரியும்!

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மொத தடவையா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி வுடு. டிரம்ஸ் வந்ததும் எழுந்து குதிக்கணும், பாத்துக்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்.

மறுநாள் குழுவில் என்னை, பழைய கச்சேரிகளோடு இதை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். "நேத்துதான் என் முதல் கச்சேரி. முன்ன சொன்னது பொய்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.