அவள் முகத்துக்கு வைத்த நிறம்

தொழில் வட்டாரத்தில் அவருக்கு அட்டை அண்ணன் என்று பெயர். எந்த அரங்கத்துக்குப் படம் எடுக்கப் போனாலும் பையிலிருந்து முதலில் வெளியே வருவது கேமரா அல்ல, ஒரு வெள்ளை அட்டை. யாராவது அதை விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வெளிச்சத்தில் வெள்ளை என்றால் இதுதான் என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்து, நிறத்துக்கு அளவு வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிடித்தால் விடமாட்டார் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் என்று, நிகழ்ச்சிகளில் அவரோடு வேலை செய்யும் வீடியோக்காரர் சொல்லிச் சிரிப்பார். வீடியோக்காரர் வாயிலிருந்து எப்போது நல்ல வார்த்தை வந்திருக்கிறது?

அட்டை பிடிக்கிற வேலை பல வருஷம் அவர் மனைவியுடையது. "என்னைப் பாக்கறீங்களா, அட்டையைப் பாக்கறீங்களா?" என்று கேட்பாள். "அட்டையைத்தான்" என்பார் இவர், வேண்டுமென்றே. அவள் முகத்தைச் சுளிப்பாள். அந்தச் சுளிப்போடுதான் அவருடைய எல்லா வேலைகளின் முதல் படமும் இருக்கும்.

அவளுடைய கடைசி வருஷத்தில் அவர் படங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. மணப்பெண் நீலம் பாரித்து வந்திருக்கிறாள், பிறந்தநாள் குழந்தை குளிரில் விறைத்த மாதிரி இருக்கிறது என்று வீடு தேடி வந்து சண்டை போட்டார்கள். அண்ணன் அட்டையைக் குறை சொன்னார், புது அட்டை வாங்கினார். விளக்கைக் குறை சொன்னார். கடைசியில் கேமராவைக் குறை சொல்லி வேறு கேமரா வாங்கினார். அதற்குள் மனைவி படுத்துவிட்டாள். கல்லீரல். கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. பழைய கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினார், அந்தப் பேச்சும் அதோடு போயிற்று.

"இது பரம்பரையா வர்ற வியாதி. பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்று அப்போதே டாக்டர் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிப் படியை மறுபடி மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார், அதற்கடுத்த மாதம் அதைக்கூடச் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இரண்டு பேருக்கும் பயம். வீட்டில் மிச்சமிருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

மகள் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் அப்பாவோடு அட்டை பிடிக்க வருவாள். அம்மாவின் வாய் அப்படியே இவளுக்கு. கொஞ்ச நாளாக அந்த வாய் ஓய்ந்திருந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள், சோர்வாக இருக்கிறது என்றாள். அலுவலகத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அண்ணன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை அவரே நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் ஆடை அணிவகுப்புக்குப் படம் எடுக்க அழைப்பு வந்தது. பகல் நேரம், பழைய சரக்குக் கிடங்கை மாற்றிக் கட்டிய அரங்கம். மனைவி கடைசியாக அட்டை பிடித்து நின்றது அங்கேதான். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். சரி என்றுதான் வந்தது.

கிளம்பும்போது மகள் அலமாரியைத் திறந்து பழைய கேமராவை எடுத்தாள்.

"அது எதுக்கும்மா?"

"ஒண்ணு மக்கர் பண்ணினா கையில இன்னொண்ணு இருக்கட்டும்னுதான். நேத்தே சார்ஜ் போட்டுட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை.

அந்த அரங்கத்தைப் படம் எடுப்பவர்கள் கெட்ட கனவில்தான் பார்க்க வேண்டும். மேடையிலிருந்து கூட்டத்துக்கு நடுவே நீளமாக ஒரு நடைபாதை. அது தொடங்குகிற இடத்தில் உயரத்தில் ஜன்னல்கள், அங்கே பகல் வெளிச்சம் நீலமாக இறங்கும். நடுவில் கூரையோடு கிடங்கு காலத்து ட்யூப் லைட்டுகள், அவை பச்சை. முனையில், படம் எடுப்பவர்கள் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, பெரிய மஞ்சள் விளக்குகள். ஒரு பெண் நடந்து வந்து சேர்வதற்குள் மூன்று பெண்ணாகிவிடுவாள். நம் கண் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் சரிக்கட்டிவிடும், கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. முனையில் நின்று திரும்பும் இடத்து வெளிச்சத்துக்கு அளவு வைத்துவிட வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். அதுதான் அண்ணனின் வழக்கம்.

சுவர் ஓரமாகத் துணி மாட்டும் பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், ஒன்றுக்கும் தலை இல்லை. மகள் முனையில் போய் அட்டையோடு நின்றாள். அவளுடைய அம்மா நின்ற அதே இடம், அவள் வைக்கிற மாதிரியே தலையைச் சாய்த்து. அண்ணன் அட்டையை மட்டும் பார்த்தார், அளவு வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றுதான் முக்கியம், அத்தனையும் வெள்ளை உடைகள். "இந்த ரவுண்டுல ஒரு ஃபிரேம்கூட விட்டுடாதீங்க. இதுக்குத்தான் ஒரு வருஷமா உழைச்சிருக்கேன்" என்று டிசைனர் அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். இசை மாறியது, முதல் பெண் ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நின்றாள். அண்ணன் பொத்தானை அழுத்தினார். கேமரா ஒரு முனகலோடு நின்றுவிட்டது. தட்டினார், பேட்டரியைக் கழற்றிப் போட்டார். ஊஹூம்.

மகள் பழைய கேமராவை அவர் கையில் வைத்தாள்.

அளவு வைக்க நேரமில்லை. கண்ணில் வைத்துச் சுட ஆரம்பித்தார். கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் தெரிந்தவர்கள் சாதாரணப் பெண்கள்தான், உதட்டுச் சாயம், மினுங்கும் கன்னம், உயிரோடு இருந்தார்கள். கேமராவை இறக்கிப் பின்னால் இருக்கும் திரையைப் பார்த்தார். திரையில் இருந்தது பிணம்.

நீலச் சாம்பல் பூத்த முகம், கறுத்த ஊதா உதடு, வெள்ளை உடை கோடித் துணி போலத் தொங்கியது. ஜன்னல் வெளிச்சத்தின் வேலை, முனைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். முனைக்கு வந்தாள், மஞ்சள் விளக்கின் நேர் கீழே நின்றாள், இடுப்பில் கை வைத்துப் புன்னகைத்தாள். மறுபடி திரையைப் பார்த்தார். பிணம் இடுப்பில் கை வைத்துப் புன்னகைத்தது.

அடுத்தவளும் அப்படித்தான் வந்தாள், அவளுக்கு அடுத்தவளும். கண்ணில் வைத்தால் உயிர், இறக்கினால் சவம். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களும் ஒரு படத்தில் விழுந்திருந்தார்கள். மூழ்கிச் செத்தவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. இப்படி நீலம் பாரித்த படங்களை அவர் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறார். அவற்றை எடுத்ததும் இதே கேமராதான்.

பாதிச் சுற்றில் இசை நின்று சின்ன இடைவெளி விட்டார்கள். "அட்டையைப் பிடிம்மா, சீக்கிரம்" என்றார். மகள் முனையில் ஏறி நின்றாள். அண்ணன் ஒரே ஒரு படம் எடுத்தார், திரையைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

மகள் கையில் இருந்த வெள்ளை அட்டை நீலமாக இருந்தது. பின்னால் நின்ற பெண்கள் நீலமாக இருந்தார்கள். அட்டையைப் பிடித்திருந்த விரலும் அட்டைக்கு மேலே தெரிந்த முகமும் மட்டும் நல்ல நிறமாக, லட்சணமாக, எந்தக் குறையும் இல்லாமல் வந்திருந்தன. செத்தவர்கள் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள்.

அண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாள் புரியாமல் இருந்ததும் சேர்த்துப் புரிந்தது. அந்தக் கடைசி வருஷம் அட்டையை வைத்து அளவெடுத்த பிறகு, அட்டைக்கு மேலே மனைவி முகம் திரையில் மஞ்சளாகத் தெரியும். அவள் நிறம் அவருக்குத் தெரியாதா என்ன? அட்டைதான் பொய் சொல்கிறது என்று அவள் முகம் பழையபடி ஆகும்வரை கேமராவின் நிற அளவைத் திருகினார். அட்டை நீலமாயிற்று, முகம் சரியாயிற்று. அவள் முகத்துக்கு வைத்த அளவில் ஊரையே படம் எடுத்தார், ஊரே நீலம் பாரித்தது. அடுத்த மாதம் அவள் இன்னும் கொஞ்சம் மஞ்சளானாள், இவர் இன்னும் கொஞ்சம் திருகினார். நோய் அவள் முகத்தில் எழுதி எழுதிக் காட்டியதையெல்லாம் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தார். கடைசியாக வைத்த அளவு கேமராவுக்குள் அப்படியே இருந்தது. அந்தக் கேமராவைப் பொறுத்தவரை இன்னமும் அவள் முகம்தான் சரியான நிறம்.

இப்போது அந்த அளவுக்குப் பொருந்தி ஒரு முகம் வந்து நிற்கிறது.

"அப்பா, என்ன? அட்டை சரியா தெரியலையா?" என்றாள் மகள்.

அவர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மேலே ஏறினார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கேமரா வழியாக இல்லாமல், அட்டையைத் தள்ளிவிட்டு அதைப் பிடித்திருந்தவளை நேருக்கு நேர் பார்த்தார். மஞ்சள் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு போனார். ட்யூப் லைட்டில் தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே நிறுத்திக் கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கினார். விழியின் வெள்ளையில் லேசாக, பழைய காகிதத்தின் ஓரம் போல, மஞ்சள் இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க? அடுத்தது வரப்போகுது!" என்று டிசைனர் அம்மா ஓடிவந்தார். அண்ணன் ஒரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பொண்ணு நல்லாத்தானே நிக்கறா?"

"அதுதாம்மா பயமா இருக்கு" என்றார் அண்ணன். டிசைனர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வீடியோக்காரர் மட்டும், வாய்த்துடுக்கு எல்லாம் எங்கே போயிற்றோ, "நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வண்டியில் பாதி வழி போனதும், "அம்மாவுக்கு இருந்ததுதானேப்பா?" என்றாள் மகள். அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரி, அதே படி. இந்த முறை கால் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவுக்கு இருந்ததேதான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மாத்திரையை ஆயுசுக்கும் விடாமல் சாப்பிட்டால் போதும், ஒன்றும் ஆகாது என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இவ்வளவு லேசா இருக்கறப்போ கூடவே இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"இவ அம்மா காட்டினா சார்" என்றார் அண்ணன்.

வெள்ளை உடைப் படங்களைக் கணினியில் சரிசெய்து கொடுத்தார். அத்தனை பேருக்கும் உயிர் வந்தது. மகள் அட்டையோடு நிற்கும் படத்தை மட்டும் தொடவில்லை. பழைய கேமராவின் அளவையும் தொடவில்லை. அரங்கத்தில் தொங்கிய அதே ரக மஞ்சள் விளக்கு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து உள்ளறையில் மாட்டினார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார். வாரத்தில் ஒரு நாள் மகளை அதற்கடியில் நிறுத்தி, மனைவி முகத்துக்கு வைத்த அளவில் ஒரு படம் எடுப்பார். அந்த அறைக்குள் போனால் தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி அவருக்கு இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். நிற்கிறவர் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் வாரங்களில் மகள் படத்தில் லட்சணமாக வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மாத்திரை உள்ளே போகப் போகப் படத்தில் அவள் நிறம் கலங்க ஆரம்பித்தது. முதலில் மூக்கின் ஓரத்தில் சாம்பல் படர்ந்தது, அப்புறம் கன்னத்தில். சாப்பாட்டுத் தட்டு காலியாக ஆரம்பித்தது, வாயும் திரும்பி வந்தது. "என்னைப் பாக்கறீங்களா, அட்டையைப் பாக்கறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். "உன்னைத்தாம்மா" என்றார் அவர்.

கடைசியில் ஒரு காலையில் படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். மகள் பதறி ஓடிவந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அட்டையும் நீலம், முகமும் நீலம், உதடு கறுத்த ஊதா.

"ஐயோ, பொணம் மாதிரி இருக்கேனேப்பா!"

அண்ணனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இப்படியே இரும்மா" என்றார். "நூறு வருஷத்துக்கு இப்படியே இரு."