கிளட்சில் வைத்த கால்

எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவது பழனியாண்டியைப் பற்றி, அந்த மனிதருக்குக் கோபமே வராது. ஒருவேளை வந்தும் இருக்கலாம். என்னிடம் அவர் காட்டியதில்லை.

என் பெயர் ஏரம்பு, ஊர் கண்டாவளை. வயலும் உழவு இயந்திரமுமாக இருந்தவன், எண்பதாம் ஆண்டு ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினேன். வாங்கியதுதான் வாங்கினேன், நாலு கதவுக் காராகப் பார்த்து வாங்கியிருக்கலாம். கொழும்பில் ஒரு பணக்காரப் பிள்ளை வேகத்துக்கென்றே வைத்திருந்த இரண்டு கதவுக் காரைக் கண்டு மயங்கிவிட்டேன். பின் இருக்கைக்குப் போவதென்றால் முன் இருக்கையை மடிக்க வேண்டும். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாச்சிகள் அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. றோட்டில் என்னை ஒருவராலும் முந்த முடியாது, எனக்கு அது போதும்.

எண்பத்திரண்டில் ஒரு மினிபஸ் முந்தியது. கார் அப்போது கொஞ்சம் களைத்துப்போயிருந்தது உண்மைதான். ஆனால் மினிபஸ்ஸின் வாசலில் தொங்கிய கொண்டக்டர் எனக்குக் கை வேறு காட்டிவிட்டுப் போனான். அன்றைக்கே காரைப் பழனியாண்டியின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜ் என்றால் நாலு பனங்குற்றி, மேலே தகரம். கிளிநொச்சிக் கடைத்தெரு முடிகிற இடத்தில் இருந்தது. பழனியாண்டி நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டத்துத் துரைக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம். துரையின் காரைக் கழற்றிப் பூட்டித்தான் இவர் தொழில் பழகினார். எழுபத்தேழு கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயம் எரிந்தது. உடுத்த உடுப்போடு ஒரு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தார். கராஜ் வேலை போக மிச்ச நேரத்தில், ஊருக்கு வெளியே ஒரு துண்டுக் காட்டை வெட்டித் துப்புரவாக்கிப் பயறு போட்டார்.

அவரைப் போல மலையகத்திலிருந்து வந்தவர்களை நாங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தோம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் என்னை ‘அண்ணே’ என்றார், நான் அவரை ‘டேய் பழனி’ என்றேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் கொஞ்சக் காலம் ‘டேய்’தான்.

“என்ஜின் பலத்தைக் கூட்டிவிடு பழனி. இனி ஒருத்தனும் என்னை முந்தக் கூடாது.”

“கூட்டலாம்ண்ணே. ஆனா இதுல இருக்கிறது கம்பெனிக் கிளட்சு. இந்த என்ஜினுக்குன்னு அளந்து போட்டது. என்ஜினை மட்டும் கூட்டினா அது தாங்காது. கெட்டியான ஸ்பிரிங் உள்ளது கொழும்புல கிடைக்கும். ஒரு மாசம் பொறுத்துக்கிட்டீங்கன்னா ரெண்டையும் ஒண்ணாப் பாத்துரலாம்.”

ஒரு மாதமும் அந்த மினிபஸ்ஸின் புகையை நான் குடிக்க வேண்டுமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைத் துணியில் துடைத்தார். விளங்கப்படுத்துகிறேன் என்று தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு வைத்து அழுத்தினார்.

“என் கை என்ஜின், உங்க கை சில்லு. நடுவுல இந்த அழுத்தந்தான் கிளட்சு. நான் மெதுவாத் திருப்பினா உங்க கையும் கூடத் திரும்புது பாருங்க. இப்ப பலமாத் திருப்புறேன்...”

அதற்குள் கையை இழுத்துக்கொண்டேன். கிரீஸ் ஒட்டிவிடும் என்று சொன்னேன். காரணம் கிரீஸ் மட்டுமில்லை என்பது அவருக்கும் விளங்கியிருக்கும்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. ஹெட்டை இழைத்து, இரட்டைக் காபரேட்டர் பூட்டி, டைமிங்கை முன்னுக்கு வைத்திருந்தார். பரந்தன் வரை ஓட்டிப் பார்த்தோம். மிதித்ததும் முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“கிளட்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்கண்ணே.”

கண்டாவளையில் உழவு இயந்திரத்தில் ஓட்டப் பழகியவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நெல்லுச் சூடடிக்கும்போது கிளட்சைப் பாதி மிதித்தால் சில்லு நிற்கும், பின்னால் பூட்டிய மெசின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முழுக்க மிதித்தால்தான் எல்லாம் நிற்கும். அதனால் கால் எப்போதும் கிளட்சிலேயே காத்திருக்கும். நாங்கள் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தோம்.

“காருக்கு அது ஆகாதுண்ணே. கால் பட்டாலே ஸ்பிரிங் இளகும், பிளேட்டு வழுக்கும், சூடேறும். இது ஏற்கெனவே தாங்க முடியாத கிளட்சு.”

“எனக்குக் கார் ஓடப் பழக்க வாறியோ?” என்றேன்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி ஞானேஸ்வரி, “அந்தாள் சொல்லுறதைக் கேட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுமே?” என்றாள். குறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

கூலியோடு அவர் ஒரு உதவியும் கேட்டார். அவருடைய அக்கா வடிவம்மா இந்தியாவுக்குப் போகிறாள். தாய் செத்த பிறகு இவரை வளர்த்தவள் அவள்தான். புருஷனுக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது, குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறார்கள். கலவரத்துக்குப் பிறகு ஐந்து வருஷமாக இவர் அவளைப் பார்க்கவில்லை. போனால் இனித் திரும்பி வரவும் மாட்டாள்.

“ஒரே ஒரு தரம் மூஞ்சியப் பாத்துட்டு வந்துரணும்ண்ணே. நீங்கதான் கூட்டிப் போகணும்” என்றார்.

சரி என்றேன். கப்பல் காலை பத்து மணிக்கு. முதல் நாளே போய் அங்கே தங்குவோம் என்று அவர் சொன்னார். முதல் நாள் எனக்கு ஒரு கலியாண ஹயர் இருந்தது.

“விடியப் புறப்பட்டால் மூண்டு மணித்தியாலத்திலை கொண்டுபோய் இறக்குவன். என்ஜினைக் கூட்டினது நீதானே. உன்ரை வேலையிலை உனக்கே நம்பிக்கை இல்லையோ?”

கப்பல் போகிற அன்று அவர் விடிய ஐந்து மணிக்குத் துவைத்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். கையில் ஒரு சின்னச் சாக்கு, தான் விளைவித்த பயறு. தம்பி இங்கே கெட்டுப்போகவில்லை என்று அக்கா கண்ணால் பார்க்கட்டும் என்றார்.

முறிகண்டியில் எல்லாரையும் போல நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். அதற்குப் பிறகு பறந்தோம். அன்றைக்கு நான் முந்திய வாகனங்களின் கணக்கு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, அதை நினைக்க அருவருப்பாகவும் இருக்கிறது. வவுனியாவில் மன்னார் றோட்டுக்குத் திரும்பும்போது அவர், “கருகுற வாடை அடிக்குதுண்ணே” என்றார். முன்னால் போகிற லொறியின் வாடை என்றேன். என் கால் இருந்த இடத்தை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, வெளியே பார்க்கத் தொடங்கினார்.

செட்டிகுளம் தாண்டி ஒரு உழவு இயந்திரத்தை முந்தப் பார்த்தேன். மிதித்தேன். என்ஜின் அலறியது, கார் முன்னே போகாமல் வேகம் குறைந்தது. இன்னும் மிதித்தேன். புகை வந்தது. பழனியாண்டி கையை நீட்டித் திறப்பைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். அவர் என் காரின் திறப்பைக் கேட்காமல் தொட்டது அந்த ஒரு முறைதான்.

“மிதிக்காதீங்கண்ணே. மிச்சமும் போயிரும்.”

சூடு ஆறும் வரை றோட்டோரம் நின்றோம். அவர் பொனற்றைத் திறந்து, மூன்று நாள் செய்த வேலையைத் தானே குலைத்தார். டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார். அக்சிலேட்டர் பாதிக்கு மேல் போகாதபடி அடியில் ஒரு மரத் துண்டை வைத்துக் கட்டினார். என்ஜினின் பலம் குறைந்தால்தான் எஞ்சியிருக்கிற கிளட்சு இழுக்கும் என்றார். பிறகு வெள்ளைச் சட்டையில் கை படாமல் நின்றுகொண்டு கேட்டார்.

“நான் ஓட்டவாண்ணே?”

அப்போது திறப்பைக் கொடுத்திருந்தால் ஒன்பதரைக்குத் தலைமன்னாரில் நின்றிருப்போம். இதைப் பல தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஒன்பதரைதான் வருகிறது. நான் கொடுக்கவில்லை. என் காரை நான் அதுவரை ஒருவரிடமும் ஓடக் கொடுத்ததில்லை. அதுவும் இவரிடமா என்ற நினைப்பும் உள்ளே இருந்தது, அதை மறைத்து என்ன பயன்?

காலை எடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் ஓட்டினேன். மாடு ஒன்று குறுக்கே வந்தால் கால் தானாகப் போய் ஏறிவிடும், பிறகு இறங்க மறந்துவிடும். முருங்கனுக்குக் கிட்ட மறுபடியும் புகை. மறுபடியும் ஆறவிட்டோம். பழனியாண்டி றோட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நானே திறப்பை நீட்டினேன்.

அவர் ஓட்டியதைப் போல ஒருவர் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. இடது கால் தரையில் கிடந்தது. கியர் மாற்றும்போது மட்டும் எழுந்து, வேலையை முடித்து, இறங்கிவிடும். மணிக்கு இருபத்தைந்து மைல். சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார் ஒரு இடத்திலும் முனகவில்லை. என்னுடைய காரில் இடப்பக்கம் இருந்து போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

இருபது நிமிஷம் பிந்திவிட்டோம். கப்பல் துறைமுகப் பாலத்தை விட்டுத் தூரம் போயிருந்தது. மேல்தட்டில் நின்ற ஆட்கள் ஆட்களாகத் தெரிந்தார்கள், யார் யாரென்று தெரியவில்லை. பழனியாண்டி பயற்றுச் சாக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை இறக்கவே இல்லை. நான் காருக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். திரும்பி வரும் வழியில் அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து இராமநாதபுரம் பக்கமிருந்து கடிதம் வந்தது. அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. பதில் எழுதித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். அக்கா கேட்டிருந்தது ஒன்றுதான்: கரை மறையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏன் தம்பி வரவில்லை?

நான் பேனாவை எடுத்தேன். என் பெயரைச் சொல்வார், எழுதத்தான் வேண்டும் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எழுதுங்கண்ணே. வந்தேன் அக்கா, பயறு எடுத்துக்கிட்டு வந்தேன். கார்ல நான் பாத்த வேலை சரியில்ல. வழியில கிளட்சு போயிருச்சு. தப்பு என்னோடதுதான்.”

நான் அப்படியே எழுதினேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார், நான் உறையை ஒட்டினேன்.

எண்பத்து நாலில் கப்பலும் நின்றது. பிறகு சண்டை, கடிதங்களும் நின்றுவிட்டன. கார் இன்னும் இருக்கிறது. கெட்டியான கிளட்சு போட்டாயிற்று, பழனி அண்ணைதான் ஓட்டுகிறார், நான் இடப்பக்கம் இருக்கிறேன். வடிவம்மா உயிரோடு இருந்தால், தம்பியின் கைவேலையில் பிழை என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள். அதை எழுதிக் கொடுத்தவன் நான்.