பாஸ் பிடிக்கப் போகிறவர்

முனிவேல் ரப்பர் தவளையின் காலை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கிறார். தவளை ஒன்றும் சொல்லாததால் திருப்தியாகி அடுத்த தவளையை எடுக்கிறார். மொத்தம் பதினான்கு. பச்சை, கறுப்பு, மஞ்சள் வயிறு, கண் மட்டும் சிவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தக்காளி கிரேட்டுக்குள் தனித்தனி டப்பா உண்டு. எல்லாத் தவளைக்கும் முதுகோடு ஒட்டினாற்போல இரட்டைத் தூண்டில் முள் ஒளிந்திருக்கும். "பொண்ணுக்கு நகை எடுக்கறப்பக்கூட இப்புடி ஒண்ணொண்ணா திருப்பிப் பாக்கலை இந்த மனுசன்" என்று மனைவி காவேரி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொல்வாள். தவளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பதில் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூரில் மற்ற வீட்டு ஆம்பளைகள் கறிக்கடைக்குப் போவார்கள். இந்த வீட்டில் ஆம்னி வண்டியின் தலையில் படகு ஏறும். பன்னிரண்டடி நீளம், ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் படகு. பெயர் கயாக். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர்காரர் சலித்துப்போய்க் கைமாற்றிவிட்டது. கயாக் என்ற சொல் அந்தத் தெருவில் யார் வாயிலும் நிற்கவில்லை. மாட்டுத்தொட்டி என்ற சொல் நின்றுவிட்டது. மூன்று கயிறு போட்டு இறுக்கி, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் வாலில் சிவப்புத் துணி கட்டி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஒவ்வொரு முடிச்சையும் தட்டிப் பார்த்து "ஓகே" என்பார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

அவர் வம்சத்துக்கும் தண்ணீருக்கும் பெரிய போக்குவரத்து கிடையாது. தாத்தா மாரப்பன் கேழ்வரகு விதைத்தவர். தாத்தாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூத்தவர் ஓடையைத் தாண்டப் பயந்து, பாலம் கட்டி முடிக்கிற வரைக்கும் மாமியார் வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்தப் பாலத்துக்குப் பதினொரு வருஷம் ஆனது. அடுத்தவர் கிணற்றில் வாளி விழுந்தால் வாளி போகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர். அப்பா கோவிந்தப்பன் குளிக்கிறதுக்கே நாள் பார்ப்பார். அம்மா வழியில் ஒரு பெரியம்மா மகன் மட்டும் காவேரிப்பட்டணத்தில் மீன் விற்றான். விற்றதோடு சரி, பிடித்ததில்லை. இப்படிப்பட்ட வம்சத்தில் ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு துடுப்போடு கிளம்பினார் என்றால், அந்த வித்தைக்குக் கைப்பேசியைத் தவிர அவருக்கு வேறு முன்னோர் இல்லை.

கைப்பேசியில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் இதே மாதிரிப் படகில் உட்கார்ந்து பாஸ் என்றொரு மீனைப் பிடிப்பார். முனிவேலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிப்காட்டில் வண்டிப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. "ஞாயித்துக்கெழம என்னாண்ணே பண்ணுவீங்க?" என்று கூட வேலை செய்கிற தமிழரசன் கேட்டான். "பாஸ் புடிக்கப் போவேன்" என்றார். மறுநாளே, அண்ணன் லீவு நாளிலும் மேலதிகாரியைப் போய்ப் பிடிக்கிறார் என்று லைன் முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் செக்யூரிட்டிக்காரருக்கும் சேதி எட்டியது. "கேட் பாஸ்னா ஆபீசுல வாங்கணும்ணே, ஏரியில கெடைக்காது" என்று அவர் தன் பங்குக்கு வழி சொன்னார். மீன், மேலதிகாரி, வெளியே விடுகிற சீட்டு, மூன்றுக்கும் தமிழில் எழுத்து ஒன்றுதான். மூன்றில் ஒன்றும் இதுவரை அவரிடம் சிக்கவில்லை.

நம் பக்கத்து ஏரிகளில் பாஸ் கிடையாது. விரால்தான் இருக்கிறது. "விராலுதாம்ப்பா நம்மூரு பாஸு. ரெண்டும் மறைஞ்சிருந்து அடிக்கிற ரகம்" என்று தமிழரசனுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார். உத்தனப்பள்ளிப் பக்கம் தொட்ட ஏரி என்று ஒன்று. அங்கேதான் அவர் படகு இறங்கும். இறங்குகிற வேலை முக்கால் மணி நேரம். பிளாஸ்டிக் குழாயை வெட்டித் தூண்டில் சொருக இரண்டு குழல், நங்கூரத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு சக்கரம், தண்ணீருக்கு அடியில் மீன் இருக்கிறதா என்று காட்டுகிற உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிவி. அந்த டிவியில் எப்போதும் மீன் தெரியும். காவேரி வீட்டில் சீரியல் பார்க்கிற மாதிரி அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டிலும் ஆட்கள் வருவார்கள், போவார்கள், யாரும் வெளியே வந்ததில்லை.

முறை என்றால் முறை. காற்று முதுகில் படும்படிப் போக வேண்டும். மீன் மறைந்திருக்கும் இடத்துக்கு இருபது தப்படி முன்னாலேயே துடுப்பை நிறுத்த வேண்டும். நங்கூரத்தைப் படகின் வாலில்தான் கட்ட வேண்டும், "பக்கத்துல கட்டுனா ஒரு காத்துக்குக் கவுத்துரும்." ஆகாயத்தாமரைக்கு அந்தப் பக்கம் தவளையை வீசி, இலைமேல் நடக்கவிட்டு, சந்து வந்த இடத்தில் தண்ணீரில் இறக்க வேண்டும். வட்டம் அடங்குகிற வரைக்கும் அசையக் கூடாது. பிறகு இரண்டு சுண்டு. பிறகு மறுபடி சும்மா. மீன் அடித்தவுடன் இழுத்துவிடக் கூடாது. "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். அது வாய மூடுனப்புறம்தான் இழுக்கணும்." எண்ணுவதில் அவரிடம் குறையே காண முடியாது. பொழுது போகாமல் நூற்றுப் பத்து வரைக்கும் எண்ணிய ஞாயிறு உண்டு. அந்தப் பக்கம் வாய் மூடத்தான் யாரும் வரவில்லை.

வந்ததாக அவர் சொல்கிறார். பதினொரு மாதத்தில் ஆறு மீன். ஆறையும் விட்டுவிட்டாராம். பெங்களூர்க்காரர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் கூட்டம் மாதாமாதம் போட்டி வைக்கிறது. பிடித்த மீனை அளவுப் பலகையில் கிடத்தி, படம் எடுத்து, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சேர்த்தி இல்லை. அவர் அனுப்பிய படங்களில் ஒரு தரம் வால் தெரிந்தது. இரண்டு தரம் அவர் கட்டைவிரல் தெரிந்தது.

அந்த ஏரிக்குக் குத்தகைக்காரர் கிருஷ்ணப்பன். பரிசலில் போய் வலை எடுக்கிறவர். முதல் நாளே, "மீனைத் தொட மாட்டேன், புடிச்சு விட்டுருவேன்" என்று முனிவேல் அனுமதி கேட்டார். கிருஷ்ணப்பன் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் யோசித்துப் பார்த்தார். மூன்றிலும் விளங்கவில்லை. "விடறதுக்கு என்னாத்துக்கு சார் புடிக்கறது? அது பாட்டுக்கு அங்கயேதானே கீது" என்றார். அன்றிலிருந்து முனிவேல் பரிசலைக் கண்டால் நாலு பனை தூரம் ஒதுங்கித்தான் போவார். "வலை போடறதெல்லாம் மீன்பிடியா? அது அறுவடை" என்று கரையில் யாரிடமோ சொல்லப் போக, அது கிருஷ்ணப்பன் காதுக்கும் போயிற்று.

இதெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஸ்வாதிக்குப் போன மாதம் வயிற்றை அறுத்து ஆண்பிள்ளை எடுத்தார்கள். மூன்று வாரம் ஆகியும் தையல் சரியாக ஆறவில்லை. பிள்ளையைத் தூக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. பேரனைப் பார்க்கச் சாமல்பட்டியிலிருந்து சம்பந்தியம்மாள் சரோஜம்மாள் வந்து இறங்கினாள்.

"தையலு ஆறணும்னா விரால் கொழம்பு வெச்சுக் குடுக்கணும். ஏரி விராலு. கடைத்தொட்டியில நீஞ்சறது ஆகாது, அதுவே நோயாளி" என்றாள் சரோஜம்மாள், சனிக்கிழமை சாப்பாட்டில்.

முனிவேல் வாயில் சோற்றோடு, "அதுக்கென்னா சம்பந்திம்மா, நாளைக்கு உசுரோட கொண்டாறேன்" என்றார். காவேரியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நீங்க புடிச்சுப் புடிச்சு விடறவராமே அண்ணா?"

"இது எம்பொண்ணுக்கு. விடுவனா?"

"அப்ப நானும் வந்து பாக்கறேன். சாமல்பட்டியில ரயில உட்டா பாக்கறதுக்கு வேற என்னா கீது."

உள்ளே கட்டிலில் இருந்து ஸ்வாதி, "வேணாம்ப்பா, எனக்கு ரசமே போதும்" என்றாள். சம்பந்தியம்மாள் சொன்னது எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. மகள் குரலில் இருந்த இரக்கம் உறைத்தது. இலையை மூடிவிட்டு எழுந்துபோய்த் தவளை டப்பாவைத் திறந்தார்.

காலையில் ஏரிக்கரை வேல மரத்தடியில் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்தார்கள். சரோஜம்மாள் மடியில் மஞ்சப்பை தயாராக இருந்தது. ஒரு மீன் எடுத்துக்கொள்ளலாமா என்று கிருஷ்ணப்பனிடம் காவேரிதான் கேட்டாள். "புடிச்சா எடுத்துட்டுப் போகட்டும்மா" என்று, 'புடிச்சா'வைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிவிட்டு அவர் பரிசலைத் தள்ளினார்.

ஒரு மணி நேரம் போயிற்று.

"உங்க வூட்டுக்காரரு தூங்கிட்டாரா அண்ணி?"

"இல்லண்ணி. தவளை தூங்குது. அவரு காவல் இருக்காரு."

சொல்லி வாய் மூடவில்லை. ஆகாயத்தாமரைச் சந்தில் தண்ணீர் பொட்டென்று வெடித்தது. "ஒண்ணு… ரெண்டு" என்று அவர் எண்ணுகிறது கரைக்கே கேட்டது. இழுத்தார். தூண்டில் வில்லாக வளைந்தது. இலையும் தண்டுமாகக் கறுப்பாக ஒன்று திமிறிக்கொண்டு படகில் ஏறியது. விரால். முழங்கை எட்டிய விரால். காவேரி தன்னையறியாமல் எழுந்து நின்றாள். பதினொரு மாதமாக அவள் சொன்ன அத்தனை சொல்லும் அவளுக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. சரோஜம்மாள் மஞ்சப்பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

முனிவேல் மீனைப் பலகையில் கிடத்தினார். தலையை முட்டுக்கட்டையோடு சேர்த்தார். வாலை நீவிவிட்டார். குனிந்து அளவைப் பார்த்தார்.

கம்பெனியில் அவர் வேலை கடைசிப் பரிசோதனை மேசை. பல்சக்கரத்தை அளவுக் கருவியில் வைப்பார். சேர்ந்தால் வலது கைப் பக்கம் பச்சைப் பெட்டி. சேராவிட்டால் இடது கைப் பக்கம் சிவப்புப் பெட்டி. கண் அடுத்த சக்கரத்துக்குப் போகும்போதே கை இந்தச் சக்கரத்தின் தலையெழுத்தை முடித்துவிடும். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கை ஒருநாளும் அவரைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ததில்லை.

"நாப்பத்தி மூணு. ரிஜெக்ட்" என்றார்.

இடது கை நீண்டது. படகுக்கு இடது பக்கம் ஏரி இருந்தது.

விழுந்த சத்தம் கேட்டுக் கிருஷ்ணப்பன்கூட வலையை இழுக்காமல் நின்றார். முனிவேல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையோ வந்து அங்கே முளைத்திருப்பது போலப் பார்த்தார்.

சரோஜம்மாள் விரித்த பையை இன்னும் மூடவில்லை. "என்னா அண்ணி, விட்டுட்டாரு?"

"அளவு பத்தலையாம் அண்ணி."

"யாருக்கு?"

காவேரி சிரித்திருக்கலாம். காலையில் கிளம்பும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்வாதி பல்லைக் கடித்து எழுந்தது ஞாபகத்தில் இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

"ஏன் சார், நம்ம ஏரி மீனு உங்க கம்பெனிக்கு ஆகலையா?" என்று பரிசலில் இருந்து குரல் வந்தது. முனிவேல் அதே சந்தில் நாலு தரம் வீசினார். எண்ணாமலே இழுத்தார். தவளைதான் வந்தது. அப்புறம் வீசுவதை விட்டுவிட்டார்.

நூலைச் சுற்றினார். நங்கூரத்தைத் தூக்கினார். கரைக்கு வராமல் பரிசலைப் பார்த்துத் துடுப்புப் போட ஆரம்பித்தார். நாலு பனை தூரம் மூன்றாயிற்று, இரண்டாயிற்று. கடைசியில் மஞ்சள் படகின் மூக்கு பரிசலில் போய் இடித்தது. தண்ணீர்மேல் பேச்சு நன்றாகக் கேட்டது.

"கிருஷ்ணப்பா."

"சொல்லுங்க சார்."

"எம்பொண்ணுக்குத் தையலு ஆறலைப்பா."

கிருஷ்ணப்பன் வலைக்கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். "எம்மாம் அளவு வேணும் சார்?"

முனிவேல் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். கிருஷ்ணப்பன் "தகொள்ளி, எடுத்துக்கங்க சார்" என்று ஒரு விராலை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். மீன் வாலால் முகத்தில் ஒன்று வைத்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மிதவைச் சட்டையோடு சேர்த்து அதை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

காற்று கிளம்பிப் படகைக் கரைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. "துடுப்பு போடுங்க, அங்க எங்க போறீங்க" என்று காவேரி கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தார். துடுப்பு மடியிலேயே கிடந்தது. அதை எடுப்பதற்கு ஒரு கையை விட வேண்டும். அவர் விடவில்லை.