தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

எனக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் கூடுவாஞ்சேரியிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, கேளம்பாக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் பூவை வைத்துவிட வேண்டும். அப்பா காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடி மின்னல் எச்சரிக்கை என்று போனில் வந்த குறுஞ்செய்தியை மட்டும், ஏதோ விளம்பரம் என்று படிக்காமலே அழித்திருக்கிறார்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. யாரோ அண்டாவைக் கவிழ்த்ததுபோல அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அக்னி நட்சத்திரத்தில் மழை வந்தால் யாருக்குத்தான் குஷி வராது? பட்டுப்புடவையோடு பால்கனிக்கு ஓடி, பாதி நனைந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் போன். வழியில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறதாம், காரை ஓரமாக நிறுத்தியிருக்கிறாராம். அப்பா விடவில்லை. முழங்கால் தண்ணீர்தானே, மெதுவாகத் தாண்டிவிடுங்கள், நல்ல நேரம் போய்விடும் என்றார். அதே பாலத்தில் என் ஸ்கூட்டியை ஒருமுறை இழுத்துக்கொண்டு போனதும் முழங்கால் தண்ணீர்தான். பெண் வெட்கப்பட வேண்டிய நாள் என்பதெல்லாம் மறந்து போனைப் பிடுங்கினேன்.

"தண்ணில எறங்காதீங்க. ராகு காலம் வந்தா வந்துட்டுப் போவுது."

"அதத்தாங்க எங்கம்மாகிட்ட சொல்லிகினு இருக்கேன்," என்றார் அவர்.

அதுவரை அவரோடு பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. அந்த நொடியில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அப்பாவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வடிந்து கார் எங்கள் வாசலுக்கு வரும்போது ஐந்தேகால். அவருடைய அம்மா இறங்க மறுத்தார். ஆறு மணி ஆகட்டும், அதுவரை காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அப்பா கீழே போனார், நானும் பின்னாலேயே போனேன். அவர்களை முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கிய ஒரு வேன் பாலத்திலிருந்து சரிந்ததையும், உள்ளே இருந்தவர்களைக் கயிறு போட்டுத் தூக்கியதையும் மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டதும் அப்பா தானே காரின் கதவைத் திறந்தார்.

"எறங்குங்க சம்மந்தி. நீங்க முழுசா வந்து சேந்தீங்க பாருங்க, அதான் நல்ல நேரம்."

ஐந்தரைக்கு, அசல் ராகு காலத்தில், என் தலையில் பூ ஏறியது.