மின்கம்பியும் என் கணவரின் மறதியும்

எங்கள் தேயிலைத் தோட்ட வீட்டுக்கு மேலே பெரிய மின்கம்பி போகிறது. பனி இறங்கினால் அது வண்டு மாதிரி இரையும்.

என் கணவர் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுபவர். தோட்டத்து மலைகளையெல்லாம் நம்பரோடு மனப்பாடமாகச் சொல்வார். ஒருநாள் காலை பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு வழி தெரியாமல் பாதையிலேயே லோரியை நிறுத்திவிட்டார்.

மின்கம்பியின் காந்தப்புலம் ஞாபகத்தைத் தின்றுவிடும் என்று அதே வாரம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கம்பிப் பக்கமிருந்த கட்டிலை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டேன். அதுவும் போதாதென்று அவரைப் பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மாதத்தில் மறதி கூடியதுதான் மிச்சம். கால் வேறு மரத்துப்போனது. தங்கைதான் எங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இனிப்புநீர் மாத்திரை, அதான் சக்கரை வியாதி மாத்திரை, ரொம்ப வருஷமா சாப்பிடுறாரு. அதனால சில பேருக்கு பி12 சத்து கொறஞ்சிடும். மாத்திரைய நிறுத்தாதீங்க, ஊசி போடுவோம்."

"அப்போ அந்தக் கம்பி, டாக்டர்?"

"அதப் பத்தி இன்னும் யாரும் முடிவா சொல்லலம்மா. இது ரத்தத்துலயே தெரியுது. ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?"



ஊசிக்குப் பிறகு மெல்லத் தெளிந்து வீடு திரும்பினார். "கம்பிக்கு பயந்து என்னைய வீட்ட விட்டே அனுப்பிட்டே லா" என்று இன்றும் கேலி செய்கிறார்.

இப்போது அவருடைய ரத்தப் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் நானே வட்டமிட்டு வைக்கிறேன். யாருக்கு மறதி என்றாலும் முதலில் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறேன். ஆனாலும் பனியில் கம்பி இரையும்போது மனம் கேட்பதில்லை. கட்டில் இன்னும் அடுப்படிப் பக்கம்தான் கிடக்கிறது.