இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

சாம்பிராணிப் புகையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் காட்டமும் கலந்த ஒரு வாசனை; கண்டியில் பேராதனை வீதியோரம், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்த "ரெக்கோர்டிங் பார்" வாசலை மிதித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். வெறும் கேசட் ஒன்றையும் வேண்டிய பாட்டுகளை எழுதிய சீட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் எல்லாவற்றையும் பதிந்து, மேலட்டையில் முத்து முத்தான எழுத்தில் பாட்டுகளின் பெயரையும் எழுதி வைத்திருப்பார் கடைக்காரர். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். எனக்குப் பதினொரு வயது. அண்ணனுக்குப் பத்தொன்பது. அண்ணன் கொடுத்த சீட்டில் பாட்டுகள் இருக்கவில்லை, ஓர் இங்கிலாந்துக் குழுவின் பெயரும் அவர்களுடைய ஒரு முழு இசைத்தட்டின் பெயரும் மட்டுமே இருந்தன.

ஒரே பாட்டு இருபது நிமிடம் போகும் அந்த வகைச் சங்கீதத்துக்கு "புரோகிரசிவ் ரொக்" என்று பெயர் என்பதை அண்ணன் வாயால் கேட்டுத்தான் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டோம், தெரிந்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஒப்பாரி கேட்கக் கூடாது என்பாள் அம்மா. அப்பா நாவலப்பிட்டித் தோட்டமொன்றிலிருந்து படித்து மேலே வந்து, டவுனில் தேயிலை ஸ்டோர் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். ஊரோடு ஒத்துப் போகிறவனுக்கு ஒரு குறையும் வராது என்பது அவருடைய வேதம்.

அந்த இசைத்தட்டு விஷயத்தில் ஊர் என்ன சொன்னது என்றால், அது "இழுவை" என்றது. டவுனில் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்து, ஆங்கிலப் பாட்டையே மூச்சாகக் கொண்டிருந்த பையன்கள் அந்தக் குழுவின் முந்திய தட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், இதை மட்டும் ஆட்கள் கிழடாகிப்போய்த் தூக்கத்தில் வாசித்தது என்றார்கள். இல்லை, இதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்தது என்று கண்டி முழுவதிலும் சாதித்தவர்கள் இரண்டே பேர்: ஒருவர் என் அண்ணன், மற்றவர் அவரோடு படித்த அலவத்துகொட நசீர் நானா. இருவருக்கும் சேர்த்து ஒரே கேசட்தான். ஒரு வாரம் எங்கள் வீட்டில், மறு வாரம் நானா வீட்டில்.

அவர்களுக்குள்ளும் ஒத்துவராது. முதல் பக்கத்தில் ஏழாவது நிமிடத்தில் டிரம் திடீரென்று நுழையும் இடத்துக்கு ஈடில்லை என்பார் நானா. அண்ணனுக்கோ இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுத்தான் உயிர். பாட்டு என்றும் சொல்ல முடியாது, குரலே இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே தனியாக ஓர் ஓர்கன், மூன்றரை நிமிடம், எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்று நின்று வாசிக்கும். அதுவரை அந்தத் தட்டில் வந்த எல்லா மெட்டும் அதில் ஒரு தரம் தலைகாட்டிவிட்டுப் போகும். "இது நம்மூரு மழையா பாப்பா? இது இங்கிலீஷ் மழை. எவ்வளவு பதமா விழுது பாரு" என்று அண்ணன் என்னிடம் சொல்வார், நானும் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். உண்மையிலேயே எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தத் தட்டைச் சொந்தமாக வைத்திருந்த ஒரு டாக்டர் வீட்டுப் பையன், அப்படி ஓர் ஓர்கன் அதில் கிடையவே கிடையாது என்று ஒரு நாள் அடித்துச் சொன்னான். அண்ணன் சிரித்தே அவனை அழ வைத்துவிட்டார். முடிவுவரை கேட்காமல் தூங்கிப்போகிறவன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று டவுன் பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்கக் கேட்டார், அதற்குப் பிறகு அந்தப் பையன்கள் யாரும் அண்ணனோடு பேசவில்லை. அப்பாவிடம் இது போனபோது அவர் பெருமூச்சுத்தான் விட்டார். "தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுங்கிறவன எங்க போயித் திருத்துறது?"

பிறகு எண்பத்து மூன்றில் தமிழர்கள்மேல் விழுந்த ஆடிக் கலவரம். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது, கேட்கிறவர்களுக்கும் காது அலுத்திருக்கும். எங்கள் வீடு எரிந்தது, ரெக்கோர்டிங் பார் எரிந்தது, பள்ளிக்கூட மண்டபமொன்றில் பாயில்லாமல் பத்து நாள் படுத்துக் கிடந்தோம். பரீட்சைச் சான்றிதழ்கள் எல்லாம் அலுமாரியோடு போய்விட, பல்கலைக்கழகப் பேச்சை அண்ணன் அத்தோடு விட்டார். கேசட் மட்டும் தப்பியது, அது நசீர் நானாவின் வாரம். இரண்டு வருடத்தில் அண்ணன் மத்திய கிழக்குக்குப் போனார், அங்கிருந்து கனடா. நாங்கள் குண்டசாலைக்கு வந்து, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே மீதி யுத்தத்தைக் கழித்தோம். அண்ணனின் கடிதங்களில் வேலை மாறும், வீடு மாறும், கலியாணம் முறிந்த செய்தி வரும், ஆனால் அந்தத் தட்டைப் பற்றி நாலு வரி இல்லாமல் ஒரு கடிதமும் வந்ததில்லை. ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: வாழ்க்கையில் எடுத்த முடிவு எல்லாம் பிழையாகிப்போனது பாப்பா, அந்த ஒன்றில் மட்டும் நான் சரி.

இப்போது உலகமும் அண்ணன் பக்கம் வந்துவிட்டது. கவனிக்கத் தவறிய பொக்கிஷம் என்று அந்தத் தட்டைப் பற்றி வெள்ளைக்காரர்களே இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். அறுபது தாண்டி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வரும் அண்ணன் மீதி நாலு நாளும் அவர்களோடு உட்கார்ந்து வாதம் பண்ணுகிறார். ஆனால் அந்தக் கடைசி ஓர்கனைப் பற்றி அவர் எழுதியதும் அத்தனை பேரும் சேர்ந்து அவரைப் பொய்யர் என்றுவிட்டார்கள். புதிய பதிப்புகளில் வெட்டிவிட்டார்கள் என்று அண்ணன் சாதித்திருக்கிறார். யாரும் நம்பவில்லை. ஒரு நாள் தொலைபேசியில், நானாவிடம் அந்தக் கேசட் இருக்கிறதா என்று போய்ப் பார், சாகுமுன் நிரூபிக்க வேண்டும் என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

நான் அலவத்துகொடைக்குப் போனேன். நானா இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கேசட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கதிரையை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொல்லி, உள்ளேயிருந்து கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அந்தக் கடைசி, தட்டுல இல்லாததுதான் தங்கச்சி. ரெக்கோர்டிங் பார்க்காரர் வாசிச்சது."

கேசட்டில் நாடா மிஞ்சினால் அதை வெறுமையாகக் கொடுப்பதில்லை என்பது அந்நாளில் கடைக்காரர்களின் வழக்கம். சினிமாப் பாட்டோ பைலா ஆட்டப்பாட்டோ ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார்கள், வாங்குகிறவர்களும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இவருக்கு அந்தத் தட்டின் முடிவில் பைலாவைப் போட மனம் வரவில்லையாம். பதிவதற்காகக் கேட்டு, அது பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்டு, கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போன காலத்தில் வாங்கிய தன் பழைய ஓர்கனைக் கடையிலேயே வைத்து வாசித்துப் பதிந்திருக்கிறார். மழை எங்கள் மழை, கடையின் தகரத்தில் விழுந்தது. கலவரத்துக்கு முந்திய மாதம் வேறொரு கேசட் வாங்கப் போன நானாவிடம், கடைசியில் நான் வாசித்தது நல்லா இருந்ததா தம்பி என்று கூச்சத்தோடு கேட்டாராம்.

நானா உடனே அண்ணனிடம் சொல்லத்தான் இருந்தார். அந்த வாரம்தான் அண்ணன் பஸ் நிலையத்தில் அந்தப் பையனை அழ வைத்திருந்தார், கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அதற்குள் கடையும் இல்லை, வீடும் இல்லை. "எல்லாத்தையும் எழந்துட்டு நிக்கிறவன்கிட்ட இதையும் எப்பிடிப் பறிக்கிறது?" என்றார் நானா. அப்படியே நாற்பது வருடம் போய்விட்டது. கடைக்காரரை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. இந்தியாவுக்குப் போனதாகச் சிலர் சொன்னார்கள், எரிந்தபோது கடைக்குள்ளேயே இருந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

மூன்று நாள் அண்ணனுக்குத் தொலைபேசி எடுக்காமல் இருந்தேன். கேசட் கெட்டுப்போனது என்று ஒரு பொய் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அவர் கடைசிவரை அந்நியர்களிடம் பொய்யர் பட்டம் வாங்கிக்கொண்டிருப்பாரே. நாலாம் நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவரு பேரு என்னா பாப்பா?"

அந்த இங்கிலாந்துக் குழுவின் ஐந்து பேருடைய பெயரும், யார் என்ன வாத்தியம் என்பதும், எனக்கே இன்றுவரை மனப்பாடம். இவர் பெயர் தெரியவில்லை. நானாவுக்கும் தெரியவில்லை. பேராதனை வீதிக்குப் போய்ப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு கைத்தொலைபேசிக் கடை. தகரமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. பக்கத்துக் கடைகளில் கேட்டால் அப்படியொரு ரெக்கோர்டிங் பார் இருந்ததையே யாரும் அறியவில்லை. கேசட்டின் மேலட்டையை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பாட்டின் பெயரையும் எழுதியவர் தன்னுடையதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

அண்ணன் அந்த வெள்ளைக்காரர்களுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் சொன்னது சரி, அது அவர்கள் வாசித்ததல்ல, கண்டியில் ஒருவர் வாசித்தது என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டிருக்கிறாராம். பெயர் கிடைத்தால்தான் அனுப்புவேன் என்கிறார். வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் காலையிலேயே தொலைபேசி எடுத்து, யாரிடமாவது கேட்டாயா என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் அண்ணே என்கிறேன். கேட்பதற்கு எனக்குத் தெரிந்த ஆட்கள் தீர்ந்துபோய் இரண்டு மாதமாகிறது.