என் ஆணியில் அசிமீனாவின் சாவி

அந்த ஆணியை நான் அடித்தது என் ஏப்ரனை மாட்டுவதற்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அது அசிமீனாவின் சாவிக்காக அடித்த ஆணி என்றுதான் சொல்வார்கள். பல வருஷமாக எனக்கு இந்த எரிச்சல். என் கடை, என் சுவர், என் ஆணி. ஆனால் ஏப்ரன் நாற்காலி மேல் கசங்கிக் கிடக்கும், ஆணியில் அவள் சாவி தொங்கும்.

எனக்குத் தொழில் செருப்புக்கு அடி போடுவது, சாவி வெட்டுவது. மொனாஸ்திராக்கி மெட்ரோவிலிருந்து இரண்டு சந்து தள்ளிக் கடை. ஒட்டினாற்போல் இருந்தது அசிமீனாவின் கடை. ஒரு காலத்தில் அது பித்தான் கடை. அவள் வாடகைக்கு எடுத்ததும் பித்தான் டப்பாக்கள் இருந்த சின்ன அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தடிமனான பலகை அடித்து, பெட்டி வைக்கிற இடமாக்கிவிட்டாள். ஒரு விமானத்தில் வந்து இறங்கி, அடுத்த விமானத்துக்கு ஏழெட்டு மணி நேரம் காத்திருக்கிற ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஏர்போர்ட்டில் சும்மா உட்கார மாட்டார்கள். மெட்ரோ பிடித்து ஊருக்குள் வந்துவிடுவார்கள். பாறை மேல் இருக்கிற பழைய கோயில், அக்ரோபொலிஸ், அதைப் பார்த்தே ஆக வேண்டும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பாறையில் ஏற முடியாது. அசிமீனாவிடம் வைத்துவிட்டுப் போவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அசிமீனாவும் போய்விடுவாள். யாருக்காவது பெயர்நாள் விருந்து என்றால் போவாள். யாராவது செத்தால் போவாள். சந்தையில் நெத்திலி மலிவு என்று காதில் விழுந்தால் போவாள்.

"டேய் அனெஸ்தி, சாவி மாட்டியிருக்கேன். அஞ்சு நிமிஷம்."

அவளுடைய அஞ்சு நிமிஷத்தில் நான் ஒரு ஜோடி பூட்ஸைப் பிரித்து முழு அடியும் மாற்றி முடித்திருக்கிறேன். அதற்குள் வெளிநாட்டுக்காரன் ஒருவன் என் வாசலில் வந்து நிற்பான். விமானத்துக்கு நேரமாகிவிட்ட முகம் எப்படி இருக்கும் என்பது என்னளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அவளுக்கு இந்தத் தொழில் வந்தது ஒரு பாட்டு கிளப்பிலிருந்து. கடற்கரைப் பக்கம் பெரிய கிளப். சின்ன வயதிலிருந்து அங்கே வாசலில் நின்று வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுகிற வேலை. கிளப்பை மூடும்வரை அங்கேதான் இருந்தாள். குடித்துவிட்டு வருகிறவன் டோக்கனைத் தொலைத்துவிடுவானாம், அதனால் முகத்தைப் பார்த்துக் கோட்டைக் கொடுத்துப் பழகிவிட்டாளாம். இங்கேயும் அதே கதை. பெட்டிக்கு டோக்கன் கிடையாது.

"யக்கா, நீ முகத்தைப் பாத்துக் குடுப்ப. நீ இல்லாதப்ப நான் எதைப் பாத்துக் குடுக்கறது?"

"பெட்டியைப் பாரு, ஆளைப் பாரு. ஜோடி தெரியும்டா. செருப்பைப் பாத்தா யாரு செருப்புன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியாது. அதுக்குத்தான் சீட்டு ஒட்டறேன்."

"அதான் உன் கடைக்குப் பொம்பளைங்க வர்றதில்ல."



பெட்டியை வாங்கும்போதே பயணிகள் எங்கே போக வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்வாள். உச்சிவெயிலில் பாறைக்குப் போகக் கூடாது. முதலில் சாப்பிட வேண்டும். எங்கே சாப்பிட வேண்டும் என்பதற்கும் விரலை நீட்டுவாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் ஒரு கைக்குள் அடங்கும், ஆனாலும் அவள் பேச்சை மீறி யாரும் போய் நான் பார்த்ததில்லை.

டார்ட்மண்டில் அவளுக்கு ஒரு மகள், ஸ்டாவ்ரூலா. ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். அந்த வருஷம் மகள் முழுகாமல் இருந்தாள். வா அம்மா, வா அம்மா என்று போனில் ஒரே அழைப்பு.

"போயேன் அக்கா," என்றேன்.

"பெட்டிங்களை யாரு பாத்துப்பா?"

"இப்ப யாரு பாக்கறா?"



பெட்டிகள் சாக்கு, அவளுடைய உண்மையான பயம் வேறு. கட்டடச் சொந்தக்காரர் கராவாஸ் அந்த அறைமேல் கண்ணாக இருந்தார். கட்டில் போட்டு, மேலே ஒரு பரண் கட்டி, வருகிற பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாடகை ஒரு மாதம் தவறினால் போதும், வெளியே தள்ளிவிடலாம். வாடகை தவறாமல் வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் போனில் இருக்கிற ஒரு ஆப் கம்பெனி. பயணி போனில் தட்டினால் பக்கத்தில் பெட்டி வைக்கும் இடம் எது என்று அது காட்டும். அவளிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் அதைப் பார்த்து வந்தவர்கள். ஆப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் கடை போச்சு. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கராவாஸுக்கும் தெரியும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையில் ஹாலந்துக்காரர்கள் இருவர் வந்தார்கள், கணவன் மனைவி. அம்மான் நகரத்துக்குப் போகிற வழி, சாயங்காலம்தான் அடுத்த விமானம். இரண்டு பெரிய பெட்டி, ஒரு தள்ளுவண்டி. கணவனின் நெஞ்சில் துணிப்பையில் ஒரு பெண் குழந்தை. நான் என் வாசலில் ஒரு குதிகாலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. குழந்தை கொழுக்மொழுக்கென்று இருந்தது. தலையில் பஞ்சு மாதிரி வெள்ளை முடி. அசிமீனாவைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது.

அசிமீனா தன் கன்னத்தில் கை வைத்தாள். "ஐயோ, என் தங்கமே, வெண்ணெய் உருண்டையே," என்றாள். அப்புறம் குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, "தூ, தூ, தூ."

எங்கள் ஊரில் அழகான குழந்தையைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்யாமல் போனால்தான் தப்பு. கண் பட்டுவிடும். எச்சில்கூட வராது, வெறும் சத்தம்தான். ஆனால் ஹாலந்தில் இது கிடையாது போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துக் குழந்தையின் நெற்றி, கன்னம், கை எல்லாம் துடைத்தாள். வேறு இடம் தேட நேரமில்லை என்றோ என்னவோ, பெட்டியை வைத்துவிட்டு மளமளவென்று போய்விட்டார்கள்.

"பாத்தியா, நான் சாப்பாட்டுக் கடையைச் சொல்றதுக்குள்ள ஓடறாங்க," என்றாள் அசிமீனா.

கொஞ்ச நேரத்தில் அவள் போனில் ஆப் கம்பெனியிலிருந்து செய்தி. எங்கள் பாஷைதான், ஆனால் கோர்ட்டு சம்மன் மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்தான் வாசித்தேன். கடைக்காரர் எங்கள் கைக்குழந்தையின் முகத்தில் மூன்று முறை துப்பினார் என்று புகார். மாலை ஆறு மணிக்குள் விஷயம் தீராவிட்டால் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்.

"யாரு துப்பினா?" என்றாள்.

"நீதான் அக்கா."

"நானா? அந்தக் குழந்தைக்குக் கண்ணு படாம இருக்க ஒரு நீலமணிகூடக் கட்டல. அந்தச் சட்டையில ஊசி குத்தி ஒரு மணி மாட்டினா என்ன? இவ்ளோ தூரம் வெறும் உடம்போட தூக்கிட்டு வந்திருக்காங்க. ஊர்க் கண்ணு பூரா அது மேலதான்."

"அவங்க வந்ததும் மன்னிப்பு கேட்டுடு. ஸாரின்னு ஒரு வார்த்தை. அது உனக்குத் தெரியும்."

"எதுக்கு? துப்பாம விட்டிருந்தா மன்னிப்பு கேக்கலாம்."

"கடை போயிடும் அக்கா."

"குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா?"

இந்தப் பொம்பளையிடம் பேசுவதைவிடப் பூட்ஸுக்கு ஆணி அடிப்பது எவ்வளவோ மேல். நான் உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆணியில் சாவி.

"எங்க போற?"

"நீலமணி வாங்க. நல்லதா வேணும், இங்க சந்துல விக்கிற பிளாஸ்டிக் இல்ல. அஞ்சு நிமிஷம்."

அவள் போய் வெகுநேரமாகிவிட்டது. நாலு மணி வாக்கில் அந்த ஜோடி திரும்பி வந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரும். குழந்தை அழுகிறது, அவன் முகமெல்லாம் வெயிலில் வெந்துபோயிருக்கிறது, அவள் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டாள். கடைக்காரி இல்லை என்று கையால் சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பெட்டிகளை இறக்கினேன்.

அந்த நேரம் பார்த்து லாட்டரிச் சீட்டு விற்கிற ஸ்ட்ராட்டிஸ் சீட்டுகள் செருகிய கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். குழந்தையைப் பார்த்தான். நின்றான்.

"யாரு பெத்த செல்வம்டா இது? தூ, தூ, தூ." போய்விட்டான்.

எனக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் அந்தக் கணவன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "பாரு, இவரும்," என்பது போல ஏதோ சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக இங்கிலீஷில் கேட்டான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். பாறை மேல டிக்கெட் கிழிக்கறவரு துப்பினாரு. ஐஸ்கிரீம் விக்கிற அம்மா துப்பினாங்க. மெட்ரோல ஒரு பாதிரியார் துப்பினாரு. எங்க பொண்ணு உங்களுக்கெல்லாம் என்ன பண்ணிச்சு?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் செருப்புக் கடை இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பேபி அழகு. ரொம்ப அழகு. ஜனங்க பாக்குது. கண்ணு, கெட்டது. தூ பண்ணினா, கண்ணு போயிடும். துப்பறது இல்ல. மருந்து."

அந்தப் பெண் நாலடியைத் தாண்டி வந்தாள். "அப்ப காலைல அந்த அம்மாவுக்கு எங்க குழந்தை ஃபென்னாவைப் பிடிச்சிருந்ததா?"

"அவளுக்கு எல்லாரையும் பிடிக்கும். என்னைத் தவிர."

கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. "ஐயோ, நான் புகார் எழுதிட்டேனே," என்று போனை எடுத்தாள். புகாரை அழிக்க இடம் தேடினாள். இல்லை. கணவனும் தேடினான். எங்கே தட்டினாலும், உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த முறை பெட்டி வைக்கச் சலுகை தருகிறோம் என்று வந்தது. மனிதர் யாரிடமாவது பேச முடியுமா என்று நம்பர் தேடினான். நம்பர் கிடையாது. கடைசியில் அந்தப் பெண் கட்டைவிரலால் ஒரு நீளமான கடிதமே எழுதினாள், அந்த அம்மா நல்லவர், தப்பு எங்களுடையது என்று. அனுப்பியதும் அதற்கும் ஒரு நன்றி வந்தது. அவர்களுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெட்ரோவைப் பார்த்து ஓடினார்கள்.

அவர்கள் சந்து திரும்பவும், அசிமீனா அந்தப் பக்கமிருந்து வரவும் சரியாக இருந்தது. கையில் ஒரு சின்ன பொட்டலம்.

"எங்கடா அவங்க?"

"போயிட்டாங்க. எல்லாம் சரியாயிடுச்சு, எழுதிக் குடுத்துட்டாங்க."

"மணியைக் கட்டாம எப்படி அனுப்பின?"

"எங்கிட்ட ஏது மணி?"

"ஓடு."

"என் முட்டி..."

"உன் முட்டிக்கு அப்புறம் அழலாம். ஓடுடா."

ஓடினேன். ஏப்ரனோடு, பசை காயாத கையோடு, மெட்ரோ படிக்கட்டில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் டிக்கெட் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ஓடி வந்தாள், தடுப்பு மேலாகப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அங்கேயே பிரித்து, குழந்தையின் சட்டையில் ஊசி குத்தி மாட்டினாள். மாட்டியதை எனக்குக் காட்டினாள். நான் கையை ஆட்டிவிட்டு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

"மாட்டினாளா?" இதுதான் அசிமீனா கேட்ட முதல் கேள்வி.

"மாட்டினா."

"எந்தப் பக்கம்?"

ஆறு மணிக்குப் பதில் வந்தது. விஷயம் பரிசீலிக்கப்பட்டது, பெயர் நீக்கப்பட்டது. அந்தப் பெண் எழுதிய கடிதத்தை எந்த மனிதரும் படித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஒரு இயந்திரம் புகாரை வாங்கியது, இன்னொரு இயந்திரம் நன்றி சொன்னது, அவ்வளவுதான்.

அசிமீனா ஒரு அட்டையில் பெட்டி என்று எழுதி வாசலில் மாட்டிப் பார்த்தாள். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், அட்டையை யார் பார்ப்பது? கோடை முடிவதற்குள் வாடகை தவறியது. கராவாஸ் ரொம்ப மரியாதையாக வந்து நின்றார். பலகைகளைக் கழற்றியதும் நான்தான். இப்போது அங்கே இரண்டு கட்டில், ஒரு பரண். தினம் ஒரு பயணி வந்து என்னிடம்தான் வழி கேட்கிறான்.

அக்டோபரில் ஸ்டாவ்ரூலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இனிமேல் பெட்டிகளைச் சாக்குச் சொல்ல முடியாது. அசிமீனா தன் வாழ்நாளில் முதல்முறையாக விமானம் ஏறினாள். போகிற அன்று காலையில் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டுச் சாவியை என் ஆணியில் மாட்டினாள். துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

மத்தியானம் புடாபெஸ்ட் ஏர்போர்ட்டிலிருந்து போன். அடுத்த விமானத்துக்கு ஆறேழு மணி நேரம் இருக்கிறதாம்.

"பெட்டியை வச்சுட்டு ஊரைப் பாரேன் அக்கா. எத்தனை பேரை அனுப்பியிருக்க."

"இங்க ஆளே இல்லடா. இரும்புப் பெட்டி. காசு போட்டா வாயைத் திறக்குது. என் பெட்டிக்கு ஜிப்பு சரியில்லன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

அவ்வளவு நேரமும் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். நான் வாய் நிறைய ஆணி வைத்திருந்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். அவள் குரல் தணிந்திருந்தது, பக்கத்தில் யாருக்கோ கேட்கக் கூடாது என்பது போல.

"அனெஸ்தி, குழந்தையைப் பாக்கணுமே நீ. வெண்ணெய்டா."

"சந்தோஷம். தொட்டிக்குத் தண்ணி ஊத்தியாச்சு."

"தொட்டி கிடக்கட்டும். ஸ்டாவ்ரூலா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாடா. இங்க வந்து துப்பாதம்மா, மாமியார்க்காரி பாத்துக்கிட்டிருக்கா, ஏற்கனவே ஒரு கடை போச்சுன்னு. நானும் அசட்டுத்தனமா சத்தியம் பண்ணிட்டேன். ரெண்டு நாளா வர்றவ போறவ எல்லாம் குழந்தையைக் கண்ணால முழுங்கறா. எனக்கு நெஞ்சு அடைக்குது."

"அதுக்கு நான் என்ன அக்கா பண்ணணும்?"

"நீ சத்தியம் பண்ணலையே. போனைக் குழந்தை பக்கத்துல வைக்கறேன். மாமியார் சமையல்கட்டுல இருக்கா. மூணு தடவை, நல்லா சத்தமா. அந்த ஆணியெல்லாம் கீழ வச்சுட்டு, துப்புடா."